மெய்நிகராக்க மென்பொருளில் செயலி எண்ணிக்கை வரம்பு

மெய்நிகராக்க மென்பொருளில் செயலி எண்ணிக்கை வரம்பு என்பது, ஒரு வழங்கிக் கணினியைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரித்து இயக்கும் மென்பொருள் அதிகபட்சம் எத்தனை செயலிகளைக் கையாளும், ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் எத்தனை செயலிகளைக் கொடுக்கும் என்பதைக் குறிக்கும் அளவாகும். இவ்வகை மென்பொருள் ஹைப்பர்வைசர் எனப்படுகிறது. விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ, மைக்ரோசாப்டின் ஹைப்பர்-வி, லினக்ஸ் கருனியின் பகுதியான கேவிஎம், ஜென் ஆகியவை பரவலாக அறியப்பட்ட ஹைப்பர்வைசர்கள்.

செயலி வரம்பு எவ்வளவு என்று கேட்டால் ஒரே விடை கிடைக்காது. மென்பொருள் ஒரு வரம்பைச் சொல்லும். உரிம ஒப்பந்தம் இன்னொன்றைச் சொல்லும். மெய்நிகர் கணினிக்குள் நிறுவிய இயங்குதளமும் தரவுத்தளமும் தத்தமக்கென்று வேறு வரம்புகளை வைத்திருக்கும். இவற்றுள் எது மிகச் சிறியதோ அதுவே நடைமுறையில் செல்லும். ஆவணத்தில் 32 என்று அச்சிட்டிருக்கும் எண் எதை எண்ணிச் சொன்னது என்று பாராமல் வழங்கி வாங்குவோர், கொடுத்த செயலிகளில் பாதி சும்மா கிடப்பதையோ உரிமக் கட்டணம் பல மடங்காவதையோ பின்னர்தான் அறிகிறார்கள்.

எதை எண்ணுவது

செயலி என்னும் ஒரே சொல் நான்கு வெவ்வேறு பொருள்களுக்கு வழங்குவதே குழப்பத்தின் வேர். தாய்ப்பலகையில் செயலிச் சில்லைப் பொருத்தும் இடம் சாக்கெட். அந்தச் சில்லுக்குள் கணக்கைச் செய்யும் ஒவ்வொரு தனி அலகும் கோர். ஒரு கோர் ஒரே நேரத்தில் இரண்டு கட்டளை வரிசைகளை ஏற்கும்படி அமைந்திருந்தால், ஒவ்வொரு வரிசையும் இழை எனப்படும். இன்டெல் இதை ஹைப்பர்-த்ரெடிங் என்ற பெயரில் 2002இல் ஜியான் செயலிகளில் கொண்டுவந்தது. இயங்குதளத்தின் கண்ணுக்கு ஒவ்வோர் இழையும் ஒரு செயலியாகவே தெரியும். ஆகவே அதைத் தருக்கச் செயலி என்பர். நான்காவது, மெய்நிகர் செயலி.

இரண்டு சாக்கெட்டுகள், ஒவ்வொன்றிலும் 16 கோர், ஒவ்வொரு கோரிலும் இரண்டு இழைகள் கொண்ட ஒரு வழங்கியை எடுத்துக்கொள்ளலாம். அதில் எத்தனை செயலிகள் உள்ளன? பழைய உரிம விதிப்படி 2. புதிய உரிம விதிப்படி 32. ஹைப்பர்வைசரின் கணக்கில் 64. மூன்றும் சரியான விடைகளே. 2005 ஏப்ரலில் ஏஎம்டி நிறுவனம் இரட்டைக் கோர் ஆப்டெரான் செயலியை வெளியிடும் முன் இந்தச் சிக்கல் பெரிதாக எழவில்லை. அதுவரை இவ்வகை வழங்கிகளில் ஒரு சாக்கெட் என்றால் ஒரு கோர்தான்.

மெய்நிகர் செயலி என்பது கையால் தொடக்கூடிய பொருள் அன்று. மெய்யான செயலியின் நேரத்தில் ஒதுக்கப்படும் பங்கு. ஓராசிரியர் பள்ளியை நினைத்தால் இது எளிதில் விளங்கும். ஒரே ஆசிரியர் முதல் வகுப்புக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு இரண்டாம் வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்துவார். தங்களுக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார் என்றே ஒவ்வொரு வகுப்பும் கருதும். எல்லா வகுப்புகளும் ஒரே நேரத்தில் கை உயர்த்தாதவரை பள்ளி நடக்கும். மெய்யான கோர்களைவிட அதிகமான மெய்நிகர் செயலிகளைப் பகிர்ந்தளிக்க முடிவது இதனால்தான். எவ்வளவு அதிகமாக என்பதற்கும் வரம்புண்டு. விஎம்வேர் விஸ்பியர் 5.5இல் ஒரு கோருக்கு 32 மெய்நிகர் செயலிகள்வரை அனுமதி. விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2வில் ஒரு தருக்கச் செயலிக்கு 8 என்ற விகிதம் இருந்தது. 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த விகிதமே நீக்கப்பட்டது.

பல மெய்நிகர் கணினிகளுக்கும் சேர்த்துக் கோர்களைவிட அதிகமாக ஒதுக்குவது வேறு. ஒரே மெய்நிகர் கணினிக்கு அப்படி ஒதுக்குவது வேறு. வழங்கியில் உள்ள தருக்கச் செயலிகளைவிட அதிகமான மெய்நிகர் செயலிகள் கேட்கும் ஒரு மெய்நிகர் கணினியை இஎஸ்எக்ஸ்ஐ இயக்கவே மறுக்கும். கேவிஎம் எச்சரித்துவிட்டு இயக்கும்.

வரம்பு எங்கிருந்து வருகிறது

வரம்புகளில் 32, 64, 255 போன்ற எண்கள் திரும்பத் திரும்ப வருவது தற்செயல் அன்று. ஒரு நிரல் எந்தெந்தச் செயலிகளில் ஓடலாம் என்பதை விண்டோஸ் ஒரு நினைவகச் சொல்லில் குறித்துவைக்கிறது. அச்சொல்லின் ஒவ்வொரு பிட்டும் ஒரு செயலிக்கு உரியது. 32 பிட் விண்டோஸில் அச்சொல்லுக்கு 32 பிட்டுகள். ஆகவே 32 செயலிகளுக்கு மேல் குறிக்க இடமில்லை. 64 பிட் விண்டோஸில் 64. இந்தத் தடையைத் தாண்ட, செயலிகளை 64, 64ஆகக் குழுக்களாகப் பிரிக்கும் முறை விண்டோஸ் 7, விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 ஆகியவற்றில் வந்தது. குழுக்களை அறியாத பழைய நிரல்கள், அப்பதிப்புகளில் பெரிய வழங்கியில் ஓடினாலும் ஒரு குழுவுக்குள்ளேயே அடங்கிவிட்டன.

255 என்ற எண்ணின் கதை வன்பொருளில் தொடங்குகிறது. எக்ஸ்86 கணினிகளில் செயலிகளுக்குக் குறுக்கீட்டுச் சைகைகளை அனுப்பும் ஏபிஐசி என்னும் அமைப்பு, ஒவ்வொரு செயலியையும் 8 பிட் அடையாள எண்ணால் அறிகிறது. 8 பிட்டில் 256 எண்கள் உண்டு. அவற்றுள் கடைசி எண் எல்லோருக்கும் பொதுவாக அறிவிக்க ஒதுக்கப்பட்டது. மிஞ்சியவை 255. பின்னர் வந்த எக்ஸ்2ஏபிஐசி அமைப்பில் அடையாள எண் 32 பிட்டாக விரிந்தது. ஆனாலும் ஹைப்பர்வைசர், அதற்குள் ஓடும் இயங்குதளம் இரண்டும் அதைப் புரிந்துகொண்டால்தான் பயன். கேவிஎம் 2016இல் தன் வரம்பை 288ஆக உயர்த்தியது. இது இரண்டின் அடுக்காக இல்லையே என்று தோன்றலாம். இன்டெலின் நைட்ஸ் லேண்டிங் செயலியில் 72 கோர், கோருக்கு நான்கு இழை. பெருக்கினால் 288 வரும்.

இன்னொரு வகை வரம்பும் உண்டு. மென்பொருள் அதற்கு மேலும் ஓடக்கூடும். ஆனால் தயாரித்த நிறுவனம் அந்த அளவுவரை மட்டுமே சோதித்து, பழுது வந்தால் பொறுப்பேற்போம் என்று சொல்லியிருக்கும். வங்கி, மருத்துவமனை போன்ற இடங்களில் இந்த வரம்பை மீறுவது தகாது. ஓடுகிறதே என்பது அங்கே போதிய காரணம் ஆகாது.

ஒரு கூடுதல் வசதியைப் பயன்படுத்தும்போது வரம்பு சட்டென்று சுருங்குவதும் உண்டு. 2009இல் வந்த விஸ்பியர் 4இல், ஒரு வழங்கி பழுதானால் நொடியும் தடைபடாமல் மற்றொரு வழங்கியில் தொடரும் ஃபால்ட் டாலரன்ஸ் வசதி அறிமுகமானது. அப்பதிப்பில் சாதாரண மெய்நிகர் கணினிக்கு 8 மெய்நிகர் செயலிகள்வரை கொடுக்கலாம். ஃபால்ட் டாலரன்ஸ் வேண்டுமென்றால் ஒன்றே ஒன்றுதான். முதல் கணினியில் நடப்பதைப் பதிவு செய்து, இரண்டாவதில் அதே வரிசையில் மறுபடி நிகழ்த்தும் முறை அது. ஒரு செயலி என்றால் வரிசை ஒன்றே. இரண்டு செயலிகள் ஒரே நினைவகத்தைத் தொடும்போது எது முந்தியது என்பதையும் பிசகாமல் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சுமை தாங்க முடியாததாகிவிடும். 2015இல் வந்த விஸ்பியர் 6.0, மறுநிகழ்த்தலைக் கைவிட்டு நினைவக மாற்றங்களை அடுத்தடுத்து நகலெடுக்கும் வேறு முறைக்கு மாறியது. அதன் பின்னரே வரம்பு 4 ஆயிற்று, 6.7இல் 8 ஆயிற்று. வெறும் எண்ணாகத் தெரியும் ஒரு வரம்புக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

வளர்ந்த விதம்

விஎம்வேர் 2001இல் இஎஸ்எக்ஸ் மென்பொருளை வெளியிட்டபோது ஒரு மெய்நிகர் கணினிக்கு ஒரு செயலிதான். 2003இல் விர்ச்சுவல் எஸ்எம்பி என்ற பெயரில், தனிக் கட்டணத்துக்கு, இரண்டு செயலிகள் கிடைத்தன. 2006இல் வந்த இஎஸ்எக்ஸ் 3இல் 4. விஸ்பியர் 4இல் 8. அதிலும் மிக உயர்ந்த விலைப் பதிப்பை வாங்கியவர்களுக்கே 8, மற்றவர்களுக்கு 4. 2011இல் விஸ்பியர் 5.0 இதை ஒரே தாவலில் 32 ஆக்கியது. அடுத்த ஆண்டு 64, 2015இல் 128, விஸ்பியர் 7இல் 256, அதன் முதல் திருத்தப் பதிப்பில் 768.

ஹைப்பர்-வி 2008இல் மெய்நிகர் கணினிக்கு 4 செயலிகளுடன் தொடங்கியது. அப்போதும் உள்ளே நிறுவுவது விண்டோஸ் சர்வர் 2008 என்றால்தான் 4. விண்டோஸ் சர்வர் 2003 என்றால் 2, விண்டோஸ் 2000 சர்வர் என்றால் 1. 2008 ஆர்2விலும் 4 என்ற எண் மாறவில்லை. விண்டோஸ் சர்வர் 2012இல் அது 64க்கு ஏறியது. 2016இல் இரண்டாம் தலைமுறை மெய்நிகர் கணினிக்கு 240, 2022இல் 1024, 2025இல் 2048. முதல் தலைமுறை வகை 64லேயே நின்றுவிட்டது. பழைய மெய்நிகர் கணினியை அப்படியே புதிய வழங்கிக்கு மாற்றியவர்கள், அதிகச் செயலி கொடுக்க முயலும்போது 64இல் முட்டிக்கொள்வது இதனால்தான்.

மேசைக் கணினிகளில் பழகுவோர் அதிகம் பயன்படுத்தும் விர்ச்சுவல்பாக்ஸில் 2009இல் வந்த 3.0 பதிப்பு முதல் ஒரு மெய்நிகர் கணினிக்கு 32 செயலிகள்வரை கொடுக்க முடியும்.

உள்ளே ஓடும் இயங்குதளத்தின் கணக்கு

ஹைப்பர்வைசர் எட்டுச் செயலி கொடுத்தும் உள்ளே இரண்டுதான் தெரிகிறது என்ற முறையீடு மிகப் பழையது. பெரும்பாலும் ஹைப்பர்வைசரில் பிழை இருக்காது. விண்டோஸ் 10இன் ஹோம் பதிப்பு ஒரு சாக்கெட்டையும், ப்ரோ பதிப்பு இரண்டு சாக்கெட்டுகளையும் மட்டுமே ஏற்கும். ஒரு சாக்கெட்டில் எத்தனை கோர் இருந்தாலும் அவற்றுக்கு அது பெரிதாகத் தடை சொல்வதில்லை. விஸ்பியரின் 7ஆம் பதிப்புவரை, பயனர் மாற்றாவிட்டால் ஒவ்வொரு மெய்நிகர் செயலியும் ஒரு கோர் கொண்ட தனிச் சாக்கெட்டாகவே காட்டப்படும். எட்டு மெய்நிகர் செயலிகள் எட்டுச் சாக்கெட்டாக நிற்கும். ப்ரோ பதிப்பு முதல் இரண்டை எடுத்துக்கொண்டு மற்ற ஆறையும் திரும்பிப் பார்க்காது. அமைப்பில் ஒரு சாக்கெட்டுக்கு எட்டுக் கோர் என்று மாற்றினால் எட்டும் வேலைக்கு வந்துவிடும். கூடுதல் செலவு ஒரு காசும் இல்லை.

தரவுத்தளங்களில் இது கண்ணில் படாமலே நடக்கும். எஸ்கியூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு ஒரு சாக்கெட் அல்லது நான்கு கோர், இவற்றில் எது குறைவோ அதைப் பயன்படுத்தும். நான்கு மெய்நிகர் செயலிகளை நான்கு சாக்கெட்டாகக் கொடுத்தால் அதற்குக் கிடைப்பது ஒன்றுதான். ஸ்டாண்டர்டு பதிப்புக்கு 2016 முதல் 2022 வரை வரம்பு நான்கு சாக்கெட் அல்லது 24 கோர். எட்டுச் சாக்கெட்டாகக் கொடுத்தால் நான்குதான் வேலை செய்யும். இயங்குதளம் எட்டையும் காட்டுவதால், தரவுத்தளம் ஏன் மந்தமாக இருக்கிறது என்று நிர்வாகி வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார். கட்டணம் செலுத்தி வாங்கிய கோர் உரிமங்களில் பாதி இப்படி வீணாவதுண்டு.

உரிமமும் கட்டணமும்

மேலே சொன்ன வரம்புகள் அமைப்பு மாற்றத்தாலோ புதிய பதிப்பாலோ விலகக்கூடியவை. உரிம வரம்பு பணத்தால் மட்டுமே விலகும். இரட்டைக் கோர் செயலிகள் வரவிருந்த 2004ஆம் ஆண்டின் இறுதியில், கோர் எத்தனை இருந்தாலும் சாக்கெட்டுக்கே உரிமம் என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. ஒரு சில்லில் கோர்கள் பெருகப் பெருக, ஒரே உரிமத்தில் வாடிக்கையாளர் பெறும் திறனும் பெருகியது. நிறுவனங்கள் அதைத் தொடர்ந்து விட்டுவைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. விண்டோஸ் சர்வர் 2016 முதல் கணக்கு கோருக்கு மாறியது. ஒரு செயலிக்குக் குறைந்தது 8 கோர், ஒரு வழங்கிக்குக் குறைந்தது 16 கோருக்கு உரிமம் வாங்க வேண்டும். வழங்கியில் அதைவிடக் குறைவாக இருந்தாலும் விதி அதுவே.

விஎம்வேரின் பாதை இன்னும் வளைந்தது. விஸ்பியர் 4இல் ஒரு செயலி உரிமம், பதிப்புக்கு ஏற்ப 6 அல்லது 12 கோர்வரை செல்லும். 2011இல் கோர் வரம்பை நீக்கிவிட்டு, மெய்நிகர் கணினிகளுக்கு ஒதுக்கும் நினைவகத்தின் அளவுக்குக் கட்டணம் என்று அந்நிறுவனம் அறிவித்தது. வாடிக்கையாளர்களிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது. சில வாரங்களில் அளவுகள் தளர்த்தப்பட்டன. 2012 ஆகஸ்டில் திட்டமே கைவிடப்பட்டது. 2019இல் ஏஎம்டியின் 64 கோர் எபிக் செயலி வந்தது. 2020 ஏப்ரல் முதல், ஓர் உரிமம் 32 கோர்வரைதான், அதற்கு மேற்பட்ட செயலிக்கு இரண்டு உரிமம் வேண்டும் என்று விஎம்வேர் விதித்தது. 2023 நவம்பரில் ப்ராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கிய பின், நிரந்தர உரிம விற்பனை நின்று, கோர் எண்ணிக்கையின்படி சந்தா என்றானது. ஒரு செயலிக்குக் குறைந்தது 16 கோர் என்று கணக்கிடப்படுகிறது. 8 கோர் செயலி வைத்திருக்கும் சிறு அலுவலகமும் 16க்கே பணம் கட்டவேண்டும். இந்த விதி சிறியவர்கள் மேல்தான் அதிகமாக விழுகிறது.

இலவசமாகக் கிடைத்த இஎஸ்எக்ஸ்ஐ பதிப்பில் மெய்நிகர் கணினிக்கு 8 மெய்நிகர் செயலிகள் என்ற வரம்பு நெடுங்காலம் இருந்தது. கற்போரும் சிறு நிறுவனங்களும் அதை நம்பியிருந்தனர். 2024 பிப்ரவரியில் அது நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் மீண்டும் வந்தது.

ஆரக்கிள் தரவுத்தளத்தின் விதி பலரைத் திடுக்கிட வைத்தது. எக்ஸ்86 செயலிகளுக்கு ஒரு கோர் அரை உரிமமாகக் கணக்கிடப்படும். மெய்நிகர் கணினிக்கு நான்கு செயலிகள் கொடுத்தால் இரண்டு உரிமம் போதும் என்று தோன்றும். ஆனால் விஎம்வேர் போன்றவை இடும் பிரிவினையை, உரிமத்தைக் குறைக்கும் வழியாக ஆரக்கிளின் கொள்கை ஏற்பதில்லை. மெய்யான வழங்கியில் உள்ள கோர்கள் அனைத்தையும் எண்ணவேண்டும் என்பது அதன் நிலை. முன்னர் பார்த்த 32 கோர் வழங்கியில் அது 16 உரிமம். ஹைப்பர்வைசரில் இட்ட வரம்பு தொழில்நுட்பப்படி சரியாக வேலை செய்தாலும், கணக்குச் சீட்டில் அதற்கு மதிப்பில்லை.

வரம்புவரை கொடுப்பதன் விளைவு

768 கொடுக்கலாம் என்றிருக்க ஏன் 4 கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் தேவைக்கு மேல் செயலி கொடுத்தால் மெய்நிகர் கணினி மெதுவாகும் வாய்ப்பே அதிகம். மறுபடி பள்ளிக்கே வரலாம். நான்கு ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் ஒரு வகுப்பு, நால்வரும் ஒரே நேரத்தில் வந்தால்தான் பாடம் என்று சொன்னால், நால்வரும் ஓய்வாக இருக்கும் நேரம் வரும்வரை அது காத்திருக்க வேண்டும். ஒரே ஆசிரியர் போதும் என்ற வகுப்புக்கு அந்த இடரில்லை.

இயங்குதளம் தன் செயலிகள் எல்லாம் ஒன்றாக முன்னேறுகின்றன என்று நம்பி எழுதப்பட்டது. ஒரு மெய்நிகர் செயலி ஒரு பூட்டைப் பிடித்திருக்கும்போது ஹைப்பர்வைசர் அதை நிறுத்திவிட்டால், அப்பூட்டுக்காக மற்றவை வெறுமனே சுழன்று நேரத்தை வீணாக்கும். இதைத் தவிர்க்கத் தொடக்க கால இஎஸ்எக்ஸ், ஒரு மெய்நிகர் கணினியின் செயலிகள் அனைத்தையும் ஒருசேர ஓட்டியது. இஎஸ்எக்ஸ் 3 முதல் இந்தக் கட்டாயம் தளர்த்தப்பட்டது. செயலிகளிலும் இப்படிச் சுழல்வதைக் கண்டறிந்து ஹைப்பர்வைசருக்குத் தெரிவிக்கும் வசதியை இன்டெலும் ஏஎம்டியும் சேர்த்தன. சிக்கல் குறைந்ததே தவிர மறையவில்லை. விஎம்வேரில் ஓடத் தயாராக இருந்தும் கோர் கிடைக்காமல் காத்த நேரம் ஓர் எண்ணாகவும், உடன் செயலிகளுக்காக நிறுத்திவைக்கப்பட்ட நேரம் இன்னோர் எண்ணாகவும் காட்டப்படுகின்றன. இரண்டாவது எண் ஏறிக்கொண்டே போனால் மெய்நிகர் செயலிகளைக் குறைப்பதே மருந்து. எட்டிலிருந்து நான்காகக் குறைத்ததும் வேகம் கூடியதைக் கண்டு வியப்பவர்கள் உண்டு.

சாக்கெட் எல்லையும் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் அருகில் அதற்குரிய நினைவகம் இருக்கும். அடுத்த சாக்கெட்டின் நினைவகத்தை எட்டக் கூடுதல் நேரமாகும். இந்த அமைப்பு நூமா எனப்படுகிறது. 16 கோர் சாக்கெட்டுகள் கொண்ட வழங்கியில் 16 மெய்நிகர் செயலிகள்வரை ஒரே சாக்கெட்டுக்குள் அடங்கும். 20 என்றால் இரண்டிலும் பரவும். பரவினாலும் தவறில்லை, உள்ளே ஓடும் இயங்குதளத்துக்கு அந்த எல்லை தெரியவேண்டும். விஸ்பியர் 5 முதல், 8க்கு மேற்பட்ட மெய்நிகர் செயலிகள் உள்ள கணினிக்கு இந்த விவரம் தானாகவே காட்டப்படுகிறது. ஓடும்போதே செயலியைக் கூட்டும் வசதியை முன்னெச்சரிக்கையாகத் திறந்துவைப்பது நிர்வாகிகளிடையே பரவலான பழக்கம். விஸ்பியர் 7 வரையிலான பதிப்புகளில் அப்படித் திறந்துவைத்தால் நூமா விவரம் மறைக்கப்பட்டுவிடும். என்றோ ஒரு நாள் கூட்டப்போகும் செயலிக்காக, நாள்தோறும் நினைவகம் மெதுவாக எட்டப்படும்.